கண்ணகி படித்த சாவுச் சீட்டு

இன்று எங்கள் தெருவில் தண்ணீர் வரும் நாள். ஆறு குடம், ஒரு அண்டா, எல்லாவற்றையும் பிடித்து மூடி வைத்துவிட்டு, வீட்டுக்காரருக்கு உப்புமாவும் கிண்டி வைத்துவிட்டுத்தான் கிளம்பினேன், இன்ஸ்பெக்டர் அம்மா. இங்கே எவ்வளவு நேரம் ஆகுமோ தெரியாது. அந்த மனிதர் தானாக எழுந்து ஒரு சொம்புத் தண்ணீர்கூட மொண்டு குடிக்க மாட்டார்.

நிதானமாகச் சொல்கிறேன். உங்கள் ரைட்டருக்குக் கை வலித்தால் நடுவில் நிறுத்திக்கொள்ளட்டும். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், நான் சொல்வதைச் சுருக்கி எழுத வேண்டாம். சுருக்கினால் எந்த விஷயமும் கெட்டுவிடும்.

என் பெயர் ஆண்டாள். வயது ஐம்பத்தெட்டு. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நெல் மண்டித் தெருவில் முப்பத்தோரு வருஷமாகக் குடியிருக்கிறேன். வீட்டுக்காரர் கந்தசாமி, மூங்கில்துறைப்பட்டு ஆலையில் கரும்பு வண்டிகளை எடை போடும் இடத்தில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். தெருவில் விசாரித்தால் என்னை வாயாடி என்பார்கள். வயிற்றெரிச்சலில் சொல்வது. நான் விஷயம் தெரிந்தவள், அவ்வளவுதான். பெண் பார்க்க வந்தவர்கள் எந்த வீட்டில் பஜ்ஜியைத் தொடாமல் எழுந்து போனார்கள், எந்த மண்டிக்காரர் சனிக்கிழமை சனிக்கிழமை திருக்கோவிலூருக்குக் கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வேறு எங்கே போகிறார், இதெல்லாம் யாராவது ஒருவர் கவனித்து வைத்துக்கொள்ள வேண்டாமா? குழாயடியில் என் குடம் நிரம்பி வழிந்தாலும் ஒருத்தியும் நகரச் சொல்ல மாட்டாள். நான் நகர்ந்தால் பேச்சு நின்றுபோகும். ராத்திரியில்கூட வந்து கதவைத் தட்டுவார்கள். ஆண்டாளம்மா, இப்படிச் சொல்லிக்கிறாங்களே, நிஜமா என்று கேட்பார்கள். நான் ஆமாம் என்றால் ஆமாம். இல்லை என்றால் இல்லை.

அப்படி இருந்த தெருவுக்குத்தான் கண்ணகி வாழ வந்தாள்.

அடுத்த வீட்டுச் செல்லமுத்துவின் மனைவி. அவன் ஊருக்குக் கேபிள் டிவி கொடுக்கிற சுப்புராயனிடம் கம்பத்துக்குக் கம்பம் ஏறி வயர் இழுக்கிறவன். இவள் திருக்கோவிலூரில் ஒரு ஜவுளிக் கடை வாசலில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, வாங்கம்மா வாங்க, ஆடித் தள்ளுபடி என்று கூவிக்கொண்டிருந்தவள். அழகி என்று சொல்ல முடியாது. முன்பல் இரண்டும் கொஞ்சம் தூக்கல். சிரித்தால் அதை மறைக்கக் கையைக் கொண்டுபோவாள். இந்த ஊரில் யார் யார், யாருக்கு யார் ஆகாது, எந்த வீட்டில் எதைப் பேசக் கூடாது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். "அத்த, அத்த" என்று என் பின்னாலேயே திரிவாள். கெட்ட பெண் இல்லை. அதை நான் எங்கேயும் சொல்லத் தயார்.

சுப்புராயன் தன் லோக்கல் சேனலில் ராத்திரி பத்து மணிக்கு ஒரு நிகழ்ச்சி நடத்திவந்தான். ஒருத்தன் உட்கார்ந்து பாட்டுப் போடுவான். அவனுக்கு மஞ்சள் காமாலை வந்து படுத்துவிட்டான். அது இரண்டாயிரத்து நாலு, புரட்டாசி. ஒரு வாரத்துக்கு என் பெண்டாட்டி பேசட்டுமே என்று செல்லமுத்து கேட்டிருக்கிறான். முதல் நாள் கட்டிக்கொண்டு போக நல்ல புடவை இல்லை என்று என்னிடம் வந்தாள். என் கிளிப்பச்சைப் பட்டை எடுத்துக் கொடுத்தேன். கேமராவைப் பார்த்ததும் வாய் அடைத்துப்போய் உட்கார்ந்திருந்தாள். பார்த்துக்கொண்டிருந்த எனக்கே பாவமாகவும், கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. பிறகு கையை வாயில் வைத்துக்கொண்டு, "இன்னா, இன்னும் தூங்கலயா நீங்க?" என்றாள்.

ஊரே சிரித்தது. எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு சிரிப்புச் சத்தம் கேட்டது. அந்த ஒரு வாரம் மூன்று வருஷமாக நீண்டது. காமாலைக்காரன் தேறி வந்து இப்போது செல்போன் ரீசார்ஜ் கடை வைத்திருக்கிறான்.

நிகழ்ச்சிக்குத் 'தூங்காத ஊர்' என்று பெயர் வைத்தார்கள். பத்திலிருந்து பதினொன்றரை வரை. போன் போட்டு யார் வேண்டுமானாலும் பேசலாம். ஆலையில் ராத்திரி ஷிப்டுக்காரர்கள், ஆஸ்பத்திரி நர்சுகள், தூக்கம் வராத வாத்தியார்கள், எல்லாரும் பேசினார்கள். எங்கள் மண்டி வாட்ச்மேன் அய்யனார் ஒரு நாள் பேசினான்.

"கண்ணகிம்மா, எனக்குத் தூக்கம் தூக்கமா வருதும்மா."

"தூங்குங்கண்ணே. எவன்னா மூட்டையத் தூக்கிக்கினு போனா, போற வழியில எனக்கு ஒரு போன் போடச் சொல்லுங்க. லைவுலயே வெச்சு விசாரிக்கிறேன்."

இதற்கு ஊர் முழுக்க ஒரு வாரம் சிரித்தது. நீங்களும் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், தப்பில்லை.

நடுநடுவே ஊர்ச் செய்தியும் சொல்வாள். பெயர் சொல்ல மாட்டாள். ஒரு தெரு, ஒரு மாமா, சனிக்கிழமையானா ஒரு பக்தி என்று ஆரம்பிப்பாள். அதெல்லாம் யாருடைய சரக்கு? காலையில் குழாயடியில் நான் சொன்னது. ராத்திரி பத்து மணிக்கு அவள் வாயில் வரும்போது பவுடர் பூசிக்கொண்டு வரும். நான் சொன்னால் வம்பு. அவள் சொன்னால் நிகழ்ச்சி.

எனக்கு அதில் வருத்தமில்லை. ஆனால் சில மாற்றங்களைக் கவனித்தேன். குழாயடியில் பெண்கள் குடம் நிரம்பியதும் தூக்கிக்கொண்டு போக ஆரம்பித்தார்கள். நேற்று கண்ணகி என்ன சொன்னாள் தெரியுமா என்று என்னிடமே சொன்னார்கள். என்னிடம் வாங்கியதை எனக்கே கொண்டுவந்து ஊட்டினார்கள். நான் பேசும்போதெல்லாம் முப்பது வருஷமாகக் குறட்டை விட்ட என் வீட்டுக்காரர், பதினொன்றரை வரை கண்ணைக் கொட்டாமல் உட்கார்ந்திருந்தார். ராத்திரியில் கதவு தட்டுகிற சத்தம் நின்றுபோயிற்று. மூன்று வருஷத்தில் ஒருவரும் வரவில்லை. எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. கதவு பக்கமே காதை வைத்துப் படுத்திருப்பேன்.

சாவுச் சீட்டுக்கு வருகிறேன். அது கண்ணகி கொண்டுவந்த பழக்கம்தான். பெருமையை அவளுக்கே கொடுத்துவிடுகிறேன்.

நிகழ்ச்சி முடிவதற்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது பாட்டை நிறுத்திவிடுவாள். தலையில் முந்தானையை இழுத்துக்கொண்டு, அன்றைக்குச் சுற்றுவட்டாரத்தில் செத்தவர்களின் பெயர்களை வாசிப்பாள். இன்னார் மகன் இன்னார், இந்த ஊர், நாளைக்கு இத்தனை மணிக்கு எடுக்கிறார்கள். அதைக் கேட்டுத்தான் ஜனங்கள் காலையில் முதல் பஸ் பிடிப்பார்கள். முன்னெல்லாம் சொல்லி அனுப்ப ஆள் கிடைக்காமல், தங்கச்சி முகத்தை அண்ணன் பார்க்காமல் எடுத்த சாவெல்லாம் உண்டு. கண்ணகி வந்தபிறகு அது இல்லை. பாட்டுக் கேட்காதவர்கள்கூட அந்தப் பத்து நிமிஷத்துக்கு டிவி முன்னால் வந்து உட்காருவார்கள்.

மலைக்குக் கீழே இருக்கிற ஊர்ச் சாவு என்றால், வாசிப்பதற்கு முன்னால் அந்த ஊருக்குப் போன் போட்டு விசாரித்துக்கொள்வாள். மேலே கரியாலூர் மலையில் டவர் கிடையாது. அதனால் மலை ஆட்கள் ஒரு சீட்டு எழுதிக் கரியாலூர் பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவார்கள். சாயங்காலம் ஆறரைக்கு வரும் வண்டி. பஸ் ஸ்டாண்டை ஒட்டி இருப்பது என் வீடு. கண்டக்டர் சீட்டை என் கையில் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போவார். எட்டு மணிக்குக் கண்ணகி வேலைக்குக் கிளம்பும்போது நான் அதை அவளிடம் கொடுப்பேன். "அத்த கையில வந்தா அது போன்ல விசாரிச்ச மாதிரி" என்பாள். இப்படி மூன்று வருஷம். ஒன்றும் தப்பு நடந்ததில்லை.

போன ஆவணியில் ஒரு ராத்திரி, நிகழ்ச்சியில் இப்படிச் சொன்னாள். "எங்க தெருவுல ஒரு அத்த இருக்காங்க. கள்ளக்குறிச்சியில கேபிள் வர்றதுக்கு முன்னாடி அவங்கதான் கேபிள். கரண்டு போனாலும் ஓடும்."

பிரியமாகத்தான் சொன்னாள். எனக்குக் கோபம் வரவில்லை. என் வீட்டுக்காரர் சோபாவில் உருண்டு சிரித்தார். மறுநாள் காய்க்காரன், "இன்னா கேபிளம்மா, முருங்கைக்கா வாணுமா?" என்றான். நான் சிரித்துக்கொண்டே வாங்கினேன். அன்றைக்கு அவள் வீட்டுக்கும் ஒரு கிண்ணம் முருங்கைக்காய்க் குழம்பு கொடுத்தனுப்பினேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐப்பசி பிறந்து நாலாம் நாள். நானும் அவரும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். கண்ணகி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஒரு விஷயம் சொல்லணும் என்றாள். சென்னையில் ஒரு பெரிய சேனலில் கூப்பிட்டிருக்கிறார்கள், அங்கேயும் ராத்திரி நிகழ்ச்சிதான், தீபாவளி கழிந்ததும் போகிறேன், தமிழ்நாடு பூரா பார்க்கும், நீங்கள்தான் என்னைப் பெத்தவங்க என்றாள்.

எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு சுவர். ஒன்பது அங்குலம் கனம். அந்தப் பக்கம் தாளிக்கிற வாசனையில் அது சாம்பாரா ரசமா என்று சொல்லிவிடுவேன். அப்படிப்பட்ட எனக்கு, பக்கத்து வீட்டுச் செய்தி டிவியைப் பார்த்துத்தான் தெரிந்தது. பத்து நாளுக்கு முன்பே கடிதம் வந்திருக்கிறது. மறுநாள் குழாயடியில் எதிர்வீட்டுப் பூமாலை கேட்டாள், "இன்னா ஆண்டாளு, ஒனக்குக்கூடச் சொல்லலியா?" எல்லாப் பெண்களும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

அன்றைக்குத்தான் யோசிக்க ஆரம்பித்தேன். நான் நினைத்தது சின்ன விஷயம். சாகாத ஒருவனைச் செத்தான் என்று அவள் ஒரே ஒரு தடவை வாசிக்க வேண்டும். மறுநாள் உறவுக்காரர்கள் மாலையோடு போய், அவன் எதிரே வந்து நிற்பதைப் பார்த்துவிட்டு, திரும்பி வந்து சுப்புராயன் கடை முன்னால் நாலு வார்த்தை கேட்க வேண்டும். கண்ணகி சொன்னால் நிஜமா பொய்யா என்று ஊருக்கு ஒரு சந்தேகம் வர வேண்டும். சென்னைக்காரர்களுக்கும் அது காதில் விழ வேண்டும். யாருக்கும் ஒரு கீறல்கூட விழாது. அப்படித்தான் கணக்குப் போட்டேன்.

ஆளைத் தேர்ந்தெடுப்பதில் நான் ரொம்பக் கவனமாக இருந்தேன். வயசானவர் பெயரைப் போடக் கூடாது, அது அபசகுனம். பிள்ளைகுட்டிக்காரன் பெயரும் கூடாது, மனசு கேட்காது. கடைசியில் பழனியின் பெயரை எடுத்தேன். எங்கள் மண்டியில் சிந்திய நெல்லைக் கூட்டி அள்ளுகிற சாலம்மாளுடைய புருஷன். கரியாலூருக்கு இந்தப் பக்கம் இரண்டு ஓடை தாண்டி அவர்கள் ஊர். கல்யாணமாகி இரண்டு வருஷம். அவள் இங்கே மண்டிக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் தங்கிக் கூலிக்கு வேலை பார்த்தாள். அவன் மேலே சாமைக் காட்டில் காட்டுப்பன்றிக்குக் காவல் இருந்தான். மாதம் ஒரு தடவை இறங்கி வருவான். வந்தால் அவளுக்கு மலை வாழைப்பழம் கொண்டுவருவான், எனக்கும் இரண்டு கொடுத்துவிட்டுப் போவாள். அவள் கொட்டகையில் டிவி இல்லை. அவன் காட்டில் கரண்டே இல்லை. ஆக, புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் விஷயம் போகாது. கச்சிராயபாளையத்தில் அவனுக்குப் பங்காளிகள் உண்டு. அவர்கள் கேபிள் பார்ப்பவர்கள். அவர்கள் போய்ப் பார்த்துக்கொள்வார்கள்.

என்ன செய்து சாகடிப்பது என்றும் யோசித்தேன். காய்ச்சல் என்றால் முன்பே படுத்திருக்க வேண்டும், யாராவது கேள்விப்பட்டிருப்பார்கள். பாம்பு என்றால் அந்தச் சிக்கல் இல்லை. எடுக்கிற நேரத்தையும் குறித்தேன். காலை ஏழு மணி. நேரம் இல்லாத செய்தியை யார் நம்புவார்கள்?

ஐப்பசி பதினோராம் தேதி, மழை பிடித்துக்கொண்ட சாயங்காலம், மற்ற இரண்டு சீட்டுகளோடு இதையும் சேர்த்துக் கொடுத்தேன். கண்ணகி தெருவிளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"பழனியா? நம்ம மண்டியில கூட்டுறாளே சாலம்மா, அவ வூட்டுக்காரர் பேரும் பழனிதான அத்த?"

"மலையில நின்னு பழனின்னு கூப்டா பத்து பேரு திரும்புவான்டி. இவன் வேற."

"யாரு குடுத்தாங்க?"

"கண்டக்டர்தான். நீ கௌம்பு, மழ வலுக்குது."

கிளம்பிப் போனாள். ராத்திரி பதினொன்று இருபதுக்கு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வாசித்தாள். நல்ல குரல்தான். அவள் வாசிக்கும்போது எழுதிய நானே பழனியை நினைத்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பக்கத்தில் என் வீட்டுக்காரர், "ஐயோ, வயசுப் பையன்" என்றார்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கும் தெரியும். அய்யனார் மண்டியில் ஒரு சின்ன டிவி வைத்திருக்கிறான். ஊர்ப் பெயரையும் அப்பன் பெயரையும் கேட்டதும் அவனுக்குப் புரிந்துவிட்டது. கொட்டகைக்குப் போய்ச் சாலம்மாளை எழுப்பிச் சொல்லியிருக்கிறான். நான் அய்யனாரைக் கணக்கில் சேர்க்கவில்லை. அந்த அளவுக்கு அது என் பிழை. மலைக்கு முதல் பஸ் அஞ்சரைக்கு. அது போய்ச் சேர எட்டாகிவிடும். ஏழு மணிக்கு எடுத்துவிடுவார்களே என்று அந்தப் பெண், கச்சிராயபாளையம் போகிற ஒரு லாரியில் ஏறிப் போய், அடிவாரத்தில் இறங்கி, மழையில் ஒற்றையடிப் பாதையில் ஏறியிருக்கிறாள். முதல் ஓடையைத் தாண்டிவிட்டாள். இரண்டாவது ஓடையில் தண்ணீர் புரண்டு ஓடியது.

காலையில் பங்காளிகள் ஒரு டெம்போ பிடித்துக்கொண்டு, மாலை, கோடித் துணி எல்லாவற்றோடும் ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது பழனி சாமைக் காட்டில் பல் விளக்கிக்கொண்டிருந்தானாம். அவர்களைப் பார்த்துவிட்டு, "யாருண்ணா செத்தது?" என்று கேட்டிருக்கிறான். எல்லாரும் அவனைக் கட்டிக்கொண்டு அழுது, சிரித்து, ஒருத்தன் கோபத்தில் அவனை ஒரு அடிகூட அடித்துவிட்டானாம். அந்த நேரத்தில்தான் ஓடைப் பக்கமிருந்து நாலு பேர் சாலம்மாளைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். அவனுக்கு என்று கொண்டுபோன மாலைகளை அவளுக்குப் போட்டார்கள்.

இதை நான் நேரில் பார்க்கவில்லை. ஆனால் மூன்று பேரிடம் தனித்தனியாக விசாரித்துத் தெரிந்துகொண்டது. தப்பிருக்காது.

அப்புறம் ஊர் கொதித்தது. சுப்புராயன் கடைக் கண்ணாடியை உடைத்தார்கள். நீங்கள் சேனலுக்குப் பூட்டுப் போட்டீர்கள். கண்ணகியை இங்கே கொண்டுவந்து இரண்டு நாள் விசாரித்தீர்கள். சீட்டு யார் கொடுத்தது என்று நீங்கள் எத்தனை தடவை கேட்டும் அவள் சொல்லவில்லை. மேஜை மேல் இருந்தது, விசாரிக்காமல் வாசித்தது என் தப்பு என்றாளாம். நான்தான் மாட்டிக்கொள்வேன் என்று நினைத்து, மாற்றுப் புடவைகூட எடுத்து வைத்திருந்தேன். ஒருவரும் வரவில்லை.

ஜாமீனில் வந்த அன்று சாயங்காலம் கண்ணகி கொல்லைச் சுவர் ஓரமாக வந்து நின்று என்னைக் கூப்பிட்டாள். முகம் வீங்கியிருந்தது. மெதுவாகச் சொன்னாள்.

"அத்த, நீங்க பயப்படாதீங்க. நான் உங்க பேர எங்கயும் எடுக்கல. யாரோ உங்கள நல்லா ஏமாத்திட்டாங்க. உங்களுக்கு இன்னா தெரியும், பாவம். ஜனங்க இருக்கற கோவத்துல வூட்டையே கொளுத்திடுவாங்க. நீங்க வாயே தொறக்காதீங்க."

அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. உங்களுக்குக் கண்ணகியைப் பற்றி நல்ல எண்ணம் இருக்கலாம். இருந்தாலும் இதை யோசித்துப் பாருங்கள். முப்பத்தோரு வருஷம் இந்தத் தெருவில் பொய் எது நிஜம் எது என்று பிரித்துச் சொன்னவளை, எவனோ ஒரு சீட்டைக் கொடுத்து ஏமாற்றிவிட்டான் என்று அவள் நம்புகிறாள். எனக்கு என்ன தெரியும், பாவமாம்.

பிறகு ஊரின் கோபம் திரும்பிக்கொண்டது. கண்ணகி மலைக்குப் போய்ப் பழனியின் காலில் விழுந்தாள். அவன், "நீ இன்னாம்மா செய்வ, உன் கையில குடுத்தத நீ படிச்ச" என்று தூக்கிவிட்டானாம். அது இறங்கி வந்து ஊர் பூராவும் பரவியது. யாரையும் காட்டிக்கொடுக்காமல் பழியை ஏற்றுக்கொண்ட மகராசி என்றார்கள். கல் எறிந்த கையாலேயே குழம்பும் ரசமும் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவள் வீட்டு வாசலில் செருப்பு வைக்க இடமில்லாமல் என் வாசல் வரைக்கும் கழற்றிப் போட்டார்கள். காலையில் எழுந்து அத்தனை செருப்பையும் தள்ளிவிட்டுத்தான் நான் கோலம் போட வேண்டியிருந்தது.

நேற்று சென்னையிலிருந்து அந்தப் பெரிய சேனல்காரர்களே வந்துவிட்டார்கள். இரண்டு கேமரா, குடை மாதிரி ஒரு விளக்கு. அந்த ராத்திரி என்னதான் நடந்தது என்று கண்ணகியைக் கேட்டுப் படம் பிடிக்கப் போவதாகச் சொன்னார்கள். என் வீட்டுக்கும் வந்தார்கள். நான் தலையை வாரிக்கொண்டு வாசலுக்குப் போனேன். "அம்மா, ரெண்டு சேர் கிடைக்குமா?" என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். வேறு ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சுவர் ஓரமாக நின்று கேட்டேன். கண்ணகி அழுதுகொண்டே, எனக்கு ஒண்ணும் தெரியலீங்க, எப்படி நடந்துச்சுன்னே தெரியலீங்க என்றாள். அழகாக அழுதாள். தமிழ்நாடு பூரா பார்க்கப்போகிறது. என்ன நடந்தது என்று தெரியாதவளை உட்கார வைத்து, என்ன நடந்தது என்று கேட்கிறார்கள். தெரிந்தவள் ஒன்பது அங்குலத்துக்கு இந்தப் பக்கம் நிற்கிறாள்.

அதனால்தான் இன்று தண்ணீரைப் பிடித்து வைத்துவிட்டு வந்தேன். மனசு உறுத்துகிறது என்றெல்லாம் எழுத வேண்டாம். செய்தது ஒருத்தி, பேர் ஒருத்திக்கு என்று இருப்பது நியாயமில்லை.

நடுவில் ஒன்றை விட்டுவிட்டேன். உங்களுக்கு அது முக்கியமோ என்னவோ.

அன்று ராத்திரி டிவியை அணைத்துவிட்டுப் படுத்தோம். அவர் தூங்கிவிட்டார். பன்னிரண்டு இருக்கும், கதவு தட்டுகிற சத்தம். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மூன்று வருஷம் கழித்து என் கதவு தட்டப்படுகிறது. எழுந்து, முடியை அள்ளிச் செருகிக்கொண்டு போய்த் திறந்தேன். சாலம்மாள் நின்றாள். தலைமேல் ஒரு சாக்கு. நல்ல மழை.

"ஆண்டாளம்மா, டிவியில எங்கூட்டுக்காரரு பேரப் படிச்சாங்களாம். அய்யனாரண்ணன் சொல்லுது. நான் நம்பல. நேத்து இறங்கி வந்தவங்ககிட்டகூட நல்லா இருக்கேன்னு சொல்லி உட்டுருக்காரு. கண்ணகியக்கா படிச்சா இன்னா, யாரு படிச்சா இன்னா. நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னாதான் நம்புவேன்."

இந்த இடத்தை ரைட்டர் அவள் சொன்னபடியே எழுத வேண்டும். நீங்கள் சொன்னால்தான் நம்புவேன் என்றாள். கண்ணகி வாசித்தும் நம்பாமல் என்னிடம் வந்தாள்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதான். சொல்லியிருந்தால் அவள் கொட்டகைக்குத் திரும்பிப் போய்ப் படுத்திருப்பாள். காலையில் நெல் கூட்டியிருப்பாள். ஆனால் விஷயத்தோடு வந்து நிற்கிறவளை வெறும் இல்லையோடு எப்படி அனுப்புவது?

"ஆமாண்டி" என்றேன்.

அவள் கீழே உட்கார்ந்துவிட்டாள். எப்படி என்றாள். சொன்னேன். சாயங்காலம் நாலு மணிக்குக் காவல் பரண் பக்கத்தில், காலடியில் இருந்ததைக் கவனிக்கவில்லை, கட்டுப் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், ஓடை தாண்டுவதற்குள் உயிர் போய்விட்டது என்றேன். சீட்டில் எழுதாததெல்லாம் தானாக வந்தது. நான் சொல்லச் சொல்ல அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மாதிரி யாராவது என்னைப் பார்த்து எவ்வளவோ நாள் ஆகியிருந்தது.

"என் பேரச் சொன்னாராம்மா?"

"சொன்னானாம். ரெண்டு தரம் சொன்னானாம்."

முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். பஸ்ஸுக்கு இருந்தால் முகத்தைப் பார்க்க முடியாதே என்றாள். முடியாதுதான் என்றேன். ஏழு மணி என்று எழுதிவிட்டு எட்டு மணி வரை வைத்திருப்பார்கள் என்று நான் எப்படி மாற்றிச் சொல்வது? பாம்பு கடித்த உடம்பு, வைத்திருக்க மாட்டார்கள், இப்போதே கிளம்பு என்றேன். அவள் என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள். தெருமுனை திரும்பும் வரை கதவைச் சாத்தாமல் நின்று பார்த்தேன். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

ஆக, பழனியின் சீட்டை எழுதியது நான். கண்ணகியிடம் பொய் சொல்லிக் கொடுத்தது நான். தெரிந்தே சாலம்மாளை அந்த மழையில் அனுப்பியது நான். கண்ணகிக்கு இதில் ஒரு பங்கும் கிடையாது. அதைப் பெரிய எழுத்தில் எழுதச் சொல்லுங்கள். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன்.

வெளியே என்ன சத்தம்? நான் இங்கே வந்தது தெருவுக்குத் தெரிந்துவிட்டது போலிருக்கிறது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன், கேட்டை நெட்டித் தள்ளுகிறார்கள். பூமாலை நிற்கிறாள், அய்யனார் நிற்கிறான், குழாயடிப் பெண்கள் அத்தனை பேரும் நிற்கிறார்கள். கண்ணகி வீட்டு வாசலில்கூட இவ்வளவு பேர் இருந்ததில்லை. கான்ஸ்டபிளை ஏன் கதவைச் சாத்தச் சொல்கிறீர்கள் அம்மா? சாத்த வேண்டாம். பாவம், என்ன நடந்தது என்று என்னிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளத்தானே வந்திருக்கிறார்கள்.